முதுகில் வந்த காய்ச்சல்

மாண்ட்ரோஸ், ஸ்காட்லாந்து
14 செப்டம்பர் 1811

ஆர்ச்சிக்கு,

உன் ஜூலை மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. தம்பி டேவி போர்ச்சுகலில் காய்ச்சலில் போய்விட்டான் என்று நீ எழுதியிருந்த பக்கத்தை அப்பாவுக்கு இதுவரை பதினோரு முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். கண்புரை அவருடைய இரண்டு கண்ணையும் மூடிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் இப்போது தெரிகிறது. மருந்துக்கடையில் அரைப்பதும் நிறுப்பதும் ஆட்களோடு மல்லுக்கு நிற்பதும் நான்தான். "பெரிதாக வலியில்லாமல் போனான்" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி, "அத இன்னொரு தடவ வாசி" என்பார். வாசிப்பேன். "ஆர்ச்சி பக்கத்துல இருந்திருக்கான்" என்பார். ஆறு வருஷம் எங்கள் வீட்டு மாடியில் படுத்து, இந்தக் கடையில் தொழில் பழகியவன் நீ. வேதப் புத்தகத்தைக் கூட அவர் இவ்வளவு நம்புகிறாரா என்று தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருவன் வந்தான். சாண்டி மில்ன், துறைமுகத் தெருக்காரன். உங்கள் பட்டாளத்தில் இருந்து, இடது பாதத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியவன். வெட்டிய இடத்துக்குக் களிம்பு கேட்டான். வெட்டியது நீதானாம். சுத்தமான வேலை என்று பாராட்டவும் செய்தான். நான் துணி சுற்றிக்கொண்டே, "எங்க டேவியும் உங்க கூடத்தான் இருந்தான். ஜூலைல காய்ச்சல்ல போயிட்டான்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "காய்ச்சலா? ஆமாம்மா, காய்ச்சல்தான். முதுகுல வந்த காய்ச்சல்" என்றான்.

அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. களிம்பு டப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலைத் தட்டியபடி போய்விட்டான். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் காதில் விழவில்லை.

என் தம்பி எப்படிச் செத்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஸ்டாஃப் சர்ஜன் என்ற மேல்பதவி கிடைத்ததும் ஊருக்கு வந்து அப்பாவிடம் நம் கல்யாணத்தைப் பேசலாமா என்று மே மாதம் கேட்டிருந்தாய். அதற்கான பதிலை, இதற்கு நீ எழுதும் பதிலைப் பார்த்தபின் எழுதுகிறேன்.

எல்ஸ்பெத்


குவார்டா அருகே, போர்ச்சுகல்
20 அக்டோபர் 1811

அன்புள்ள எல்ஸ்பெத்,

இங்கே நாலு நாளாக விடாத மழை. மருத்துவமனை என்று பெயர் வைத்திருக்கும் தேவாலயத்தில் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. நூற்றுப்பத்துப் பேர் படுத்திருக்கிறார்கள். என் கீழே உதவி டாக்டர் இரண்டு பேர். ஒருவனுக்கே காய்ச்சல். மற்றவனுக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம். இந்த நிலைமையில் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசி.

மில்ன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பாதத்தை வெட்டும்போது அவனுக்கு அரை குப்பி ரம் கொடுத்தேன். அன்று தொடங்கிய குடியை அவன் இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்வி. டேவிக்குக் காய்ச்சல் இருந்தது. நாடி நூற்று முப்பது. நாக்கு வறண்டு பழுப்பாகிவிட்டது. கடைசி இரண்டு நாள் பிதற்றினான். பதினோராம் நாள் விடிந்ததும் அடங்கினான். நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை.

இந்தத் தொழிலில் நான் எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்பது உனக்கும் தெரியும். லண்டனில் விக் தலையோடு உட்கார்ந்திருந்த மூன்று பெரியவர்கள், "தொடை ரத்தக்குழாய் எங்க இருக்கு?" என்று கேட்டபோது, உன் அப்பா கற்றுக்கொடுத்த தைரியத்தில் என் தொடையையே தொட்டுக் காட்டித் தேறியவன் நான். முதலில் மருத்துவமனைப் பணியாள் வேலை. பிறகு கொருன்னா துறைமுகத்துக்குப் பனியில் பின்வாங்கிய நடை. அந்த நடையில் வண்டியில் ஏற்றிய முப்பது பேரில் ஒன்பது பேரைத்தான் கப்பல் வரை கொண்டுவர முடிந்தது. அப்புறம் வால்கரன் தீவுச் சதுப்பில் பட்டாளத்தில் பாதி குளிர்காய்ச்சலில் நடுங்கிச் செத்தது. எனக்கும் வந்தது, பிழைத்தேன். பணம் கொடுத்துப் பதவி வாங்கும் பையன்கள் என்னைச் சாப்பாட்டு மேஜையில் "மாத்திரை" என்று கூப்பிடுவார்கள். அதையும் சகித்துக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறேன். ஸ்டாஃப் சர்ஜன் பதவிக்கு என் பெயர் லிஸ்பனுக்குப் போயிருக்கிறது. வசந்தத்துக்குள் முடிவு தெரியும்.

அப்பாவின் கண்ணுக்குத் தேன் விடும் வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதே. புரை நன்றாக முற்றட்டும், நானே வந்து பார்க்கிறேன்.

உன் ஆர்ச்சி


மாண்ட்ரோஸ்
27 நவம்பர் 1811

டாக்டர் ஸ்டர்ராக் அவர்களுக்கு,

உங்கள் சுயசரிதை கிடைத்தது. நன்றாக இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கலாம்.

விளையாட்டை விடு ஆர்ச்சி. நான் கேட்டது என் தம்பியை. நீ எழுதியது உன்னை. கொருன்னா கதையை மூன்று கடிதத்தில் முன்பே எழுதிவிட்டாய். அப்போது வண்டியில் இருந்தவர்கள் இருபது பேர். இப்போது முப்பதாகிவிட்டார்கள்.

காய்ச்சல் இருந்தது, நாடி இத்தனை, நாக்கு இந்த நிறம் என்கிறாய். இருபது வருஷம் மருந்துக்கடையில் நிற்கிறவளிடம் இப்படிப் பேசுகிறாயே. காய்ச்சல் தானாக வருமா? விரலில் முள் குத்தினாலும் காய்ச்சல் வரும். முள் எங்கே என்றுதானே கேட்டேன்? "முதுகு" என்ற சொல்லுக்கு உன் கடிதத்தில் ஒரு வரி பதில் இல்லை. இல்லை என்று நீ மறுக்கவும் இல்லை. நீ மறுத்திருந்தால் நான் நம்பியிருப்பேன், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மில்ன் வீட்டுக்கு நானே போனேன். அவன் மனைவி உள்ளே விடவில்லை. "எங்களுக்கு எதுக்கும்மா வம்பு? டாக்டர்கிட்டயே கேளுங்க. அவர்தான் கிட்ட நின்னாராம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

எதற்குக் கிட்டத்தில் நின்றாய்?

எல்ஸ்பெத்


குவார்டா அருகே
3 ஜனவரி 1812

எல்ஸ்பெத்,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசிப்பதா வேண்டாமா என்பதை முடித்தபின் நீயே தீர்மானி.

ஜூனில் எங்கள் பட்டாளம் ஒரு மலைக் கிராமத்தில் தங்கியிருந்தது. ஊர்க்காரர்களின் பொருளைத் தொடக்கூடாது என்று கடுமையான உத்தரவு. ஒரு குடியானவனுடைய ஆறு தேன்கூடுகள் காணாமல்போய், அவன் கர்னலிடம் வந்து ஒப்பாரி வைத்தான். யார் எடுத்தது என்று தெரியவில்லை. மறுநாள் காலை டேவி என்னிடம் வந்தான். இரண்டு கண்ணும் மூடிக்கொண்டு, உதடு வீங்கி, யாரென்றே அடையாளம் தெரியவில்லை.

"ஆர்ச்சிண்ணே, கண்ணு தெரியல."

"என்னடா பண்ணின?"

"ஒரு பூ மேல மூக்க வெச்சேன்."

"எத்தன பூ?"

"ஒரு கூடு நெறைய."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனோடு போன மற்றவர்கள் வீக்கத்தோடு எங்கேயோ படுத்துக்கொண்டார்கள். டாக்டர் நம் வீட்டு ஆள் என்ற நம்பிக்கையில் இவன் மட்டும் வந்தான். கொடுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மருந்து போட்டு அனுப்பினேன். பிறகு எப்போதும் போல நோயாளிப் பட்டியலை எழுதினேன். அது தினமும் ஒன்பது மணிக்குக் கர்னலின் மேஜைக்குப் போகும். பெயர், நோய், இடம் எழுத வேண்டும். பத்து வருஷப் பழக்கத்தில் கை தானாக எழுதியது: "டேவிட் லைல், தேனீக் கொட்டு, முகமும் இரு கைகளும்."

பத்து மணிக்குக் கர்னலின் உதவி அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தார். "டாக்டர், உங்க தயவுல ஆள் கெடச்சிட்டான்" என்றார். அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

நானூறு கசையடி. கூட இருந்தவர்களின் பெயரைச் சொன்னால் குறைப்பதாகச் சொன்னார்கள். சொல்லவில்லை. இவன் உடம்பு இதைத் தாங்கும் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். தாங்காது என்று எழுத அவன் உடம்பில் ஒரு நோயும் இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். சார்ஜென்ட்களின் மூன்று ஈட்டிகளை நட்டு, மேலே சேர்த்துக் கட்டி, ஆளின் கைகளை அதில் கட்டுவார்கள். முரசுக்காரர்கள் ஆளுக்கு இருபத்தைந்தாக மாறி மாறி அடிப்பார்கள். டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நான் அவனுடைய மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு நாடி பார்த்தபடி நின்றேன். இனித் தாங்கமாட்டான் என்று தெரிந்தால் "போதும்" என்று சொல்லலாம். அதைச் சொல்லும் உரிமை டாக்டர் ஒருவருக்குத்தான் உண்டு.

ஆனால் போதும் என்றால் கணக்கு முடியாது. அவிழ்த்து என்னிடம் அனுப்புவார்கள். மூன்று வாரம் புண்ணை ஆற்றி, தோல் மூடியதும் மறுபடி கட்டி மிச்சத்தை அடிப்பார்கள். கென்ட் முகாமில் ஒருவனுக்கு அப்படி நடந்தது. அவன் முதுகை என் கையாலேயே ஆற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறை கட்டப்போகிற அன்று காலை அவன் என் சவரக் கத்தியை எடுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டான். இனி எவனையும் இரண்டாம் முறைக்குத் தயார்பண்ணிக் கொடுப்பதில்லை, அடிப்பதை ஒரேயடியாக முடித்துவிடட்டும் என்று அன்று முடிவு செய்தேன். அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூற்று எழுபத்தைந்தில் நாடி தளர்ந்தது. "ஆர்ச்சிண்ணே, எத்தன ஆச்சு?" என்றான். "பாதி தாண்டிட்டோம்" என்றேன். தாண்டவில்லை. ஒவ்வொரு இருபத்தைந்துக்கும் கர்னல் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அடிக்கலாம் என்று தலையசைத்தேன். நானூறு முடிந்தது. புண் அழுகி, காய்ச்சல் கண்டு, பதினோராம் நாள் போனான்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கர்னல் என் பக்கத்தில் நடந்து வந்தார். "ஒவ்வொரு தடவையும் உங்களத்தானே டாக்டர் பாத்தேன். நீங்க போதும்னு சொல்வீங்க, மிச்சத்த மன்னிச்சு விட்டுரலாம்னு காத்திருந்தேன். நானா நிறுத்தினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்றார். பிறகு, "மரணக் கணக்குப் புத்தகத்துல காய்ச்சல்னே எழுதிடுங்க. உங்களுக்கும் நல்லது" என்றார். எழுதினேன்.

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எல்ஸ்பெத். டேவியைக் கொன்றது நான்தான் என்று தினமும் தோன்றுகிறது. முடித்தால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

புத்தகத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் உண்டு. திருத்தினால் ஸ்டாஃப் சர்ஜன் பதவி போய்விடும். அது என் பாடு. ஆனால் திருத்திய மரணச் சான்று லிஸ்பனிலிருந்து உன் அப்பா பெயருக்கு நேராக வரும். அவரால் வாசிக்க முடியாது. நீ என்ன வாசிக்கிறாயோ அதுதான் அவருக்கு. அதனால் உன்னைக் கேட்காமல் பேனாவைத் தொடமாட்டேன்.

ஆர்ச்சி


மாண்ட்ரோஸ்
12 பிப்ரவரி 1812

ஆர்ச்சி,

திருத்து.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. உன் கடிதத்தை அடுப்பில் போடப்போய் இரண்டு முறை எடுத்துவிட்டேன். அப்பா நிம்மதியாக இருக்கிறார், அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது. ஆனால் டேவி எவன் பெயரையும் சொல்லாமல் நானூறு அடி வாங்கியிருக்கிறான். அவனைச் சளி பிடித்துச் செத்தவன் கணக்கில் படுக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாள் வரட்டும். எழுத்து மாறாமல் நானே வாசிப்பேன்.

கருணை என்று எழுதியிருந்தாய். அந்தக் கருணை வேண்டுமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? எத்தனை ஆச்சு என்று அவன்தான் உன்னிடம் கேட்டிருக்கிறான். போதுமாடா என்று நீ கேட்கவில்லை.

உன் முகத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்றும் நினைப்பு வருகிறது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

எல்ஸ்பெத்


எல்வாஸ், போர்ச்சுகல்
25 ஏப்ரல் 1812

எல்ஸ்பெத்,

மார்ச் பத்தாம் தேதி திருத்தினேன். பழைய சொல்லை அடித்து, பக்கத்தில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டேன். கர்னல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா?" என்றார். அப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் இரண்டு பக்கமும் நாற்காலி காலி. கையை நீட்டிச் சாப்பிட வசதிதான்.

மறு வாரமே இன்னொருவனைக் கட்டினார்கள். முந்நூறு. ஐம்பதில் "போதும்" என்றேன். அணிவகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. கர்னல், "மிச்சம்?" என்றார். "மிச்சத்துக்கு மறுபடி கட்டினா, மறுபடியும் அம்பதுல சொல்வேன். அத புத்தகத்துலயும் எழுதுவேன்" என்றேன். கொஞ்ச நேரம் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவுத்து விடுங்க" என்றார். மிச்சம் மன்னிக்கப்பட்டது.

இவ்வளவுதான் வேலை. ஒரு சொல். ஜூனில் அது என் வாயில்தான் இருந்தது. கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

இந்த மாதம் பதாஹோஸ் கோட்டையைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எத்தனை கை, எத்தனை கால் என்று இந்த முறை நான் சொல்லப்போவதில்லை. நீ அடுத்த கடிதத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பாய்.

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. என்னை மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாற்றியிருக்கிறார்கள், பார்படோஸ் மருத்துவமனைக்கு. மஞ்சள் காய்ச்சல் ஊர். அங்கே போகிற டாக்டர்களுக்குத் திரும்பிவரும் பெட்டி தேவையில்லை என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். மே கடைசியில் கப்பல்.

சென்ற வருஷம் உன்னிடம் கேட்டதைக் கேட்காததாக நினைத்துக்கொள். சான்று புறப்பட்டுவிட்டது. அது வரும்போது உன்னைத் தனியாக விடுகிறேனே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

ஆர்ச்சி


மாண்ட்ரோஸ்
9 ஜூன் 1812

ஆர்ச்சி,

பார்படோஸுக்குக் கடிதம் போக இரண்டு மாதமாவது ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். நீ அதுவரை இருப்பாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாள் மே இருபதாம் தேதி மத்தியானம் வந்தது. அரக்கை உடைக்கும் சத்தம் கேட்டு அப்பா, "யார்கிட்ட இருந்து?" என்றார். "லிஸ்பன்ல இருந்துப்பா. டேவியப் பத்தி" என்றேன். கடைக்கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு எழுத்தை விடவில்லை. தண்டனையாக நானூறு கசையடி, அதனால் முதுகில் புண், புண் அழுகியதால் காய்ச்சல், பதினோராம் நாள் மரணம். மொத்தம் நாலே வரி.

அவர் தாளை வாங்கி உடைந்த அரக்கை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "என்ன பண்ணினான்?" என்றார்.

"தேன்கூட்ட எடுத்துட்டாங்கப்பா. கூட இருந்தவங்க யாருன்னு கேட்டிருக்காங்க. சொல்லல."

"சொல்ல மாட்டான்." முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆர்ச்சி அங்க இருந்தானா?"

"இருந்தான்."

"அடிக்கும்போதா?"

"அடிக்கும்போதுதான்."

"என்ன பண்ணிட்டிருந்தான்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். உன் ஜனவரிக் கடிதம் மடியில் தயாராக இருந்தது. அதை வாசித்துவிடுவது என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவன் கையப் பிடிச்சிட்டிருந்தான்பா" என்றேன்.

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். விடவே இல்ல."

அப்பா அழுதார். அழுது முடித்து, "அனாதையா அடி வாங்கல. நம்ம வீட்டு ஆள் ஒருத்தன் கையப் பிடிச்சிருந்திருக்கான்" என்றார். அன்று சாயங்காலம் கஞ்சி இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறார். சாண்டி மில்ன் போன வாரம் களிம்புக்கு வந்தபோது அவனிடமும் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். "ஆமாங்கய்யா, நானும் பாத்தேன்" என்றான்.

நீ எதற்காக அந்தக் கையைப் பிடித்திருந்தாய் என்று நான் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதும் இல்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. உன்னை எவ்வளவு திட்டினேன், கடைசியில் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. ஆனால் நீ செத்துப்போகக் கூடாது. கொதித்த தண்ணீரைக் குடி, சதுப்புப் பக்கம் படுக்காதே, கப்பல் கிடைக்கிறபோதெல்லாம் எழுது. அந்தக் கை எதற்கு அங்கே இருந்தது என்று இந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் தினமும் உன் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார். நான் ஆமென் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்ஸ்பெத்